உலை வைக்கும் முன்

குளிர் தேசங்களில் பல வீடுகளுக்கு அடியில் ஓர் உலை உண்டு. சோறு வடிக்கிற உலை அல்ல. வீட்டையே சூடாக வைத்துக்கொள்ளும் உலை. என் நாத்தனார் பிள்ளை கனடாவில், டொராண்டோ பக்கம் இருக்கிறான். அவன் வீட்டு நிலவறையில் பீரோ அளவுக்கு ஒரு தகரப் பெட்டி நிற்கிறது. அதற்குள் காஸ் எரிகிறது. சூடான காற்று குழாய் வழியே அறை அறையாகப் போகிறது. அக்டோபர் பிறந்து குளிர் தலைகாட்டினால், லைசென்ஸ் பெற்ற ஓர் ஆளை வரவழைத்து அந்தப் பெட்டியைச் சோதிக்கச் சொல்வானாம். சுடர் நீலமாக எரிகிறதா, புகைபோக்கியில் அடைப்பு உண்டா, உள்ளே தகட்டில் வெடிப்புக் கண்டிருக்கிறதா என்றெல்லாம் அந்த ஆள் பார்த்துவிட்டுப் போவாராம்.

"ஒரு அடுப்பப் பாக்க வருஷா வருஷம் ஒரு ஆளா? அந்த ஊரு ஜனத்துக்கு வேற வேல இல்லியா, இன்னா?" என்று என் மாமியார் டெலிபோனிலேயே கேட்டுவிட்டார்.

மாமியார் கேட்டதில் நியாயம் உண்டு. வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு உலை புதிது அல்ல. கும்பினிக்காரர்களின் துணியை வெளுத்துக் கொடுத்த வண்ணார்கள் குடியிருந்ததால் பேர் பெற்ற பேட்டை இது. வெள்ளாவி வைப்பதும் ஓர் உலைதானே! மாமியார் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது சமையல் மரத்தூள் அடுப்பில். தகர டப்பாவின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் குத்திக் குத்தி நிரப்பி, பாட்டிலைச் சுழற்றி எடுக்க வேண்டும். பாட்டிலை எடுக்கும்போது கை நடுங்கினால் சரிந்துவிடும்; அன்றைக்குப் பழைய சோறுதான். பிறகு கரி அடுப்பு, பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ், ரேஷன் கடையில் டின்னோடு வரிசை. இந்த அடுப்புகளுக்கெல்லாம் ஒரு நல்ல குணம் உண்டு. கோளாறு வந்தால் கண்ணுக்குத் தெரியும்; புகையும், எண்ணெய் ஒழுகும், கரி பறக்கும். காஸ் அப்படியல்ல. அதற்குக் கோபம் வந்திருப்பது முகத்தில் தெரியாது.

இண்டேன் என்ற பெயரில் காஸ் நம் நாட்டில் வீடுகளுக்கு வரத் தொடங்கியது 1965-ல். நம் வடசென்னை மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது 1969-ல். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ராத்திரி வேளையில் அந்தத் திசையில் வானம் சற்றுச் சிவந்து தெரியும். இத்தனை பக்கத்தில் இருந்தும் எங்கள் ஸ்டோருக்குக் காஸ் வந்து சேர 1990 தாண்டிவிட்டது. ஸ்டோர் என்றால் தெரியுமல்லவா? நடுவே முற்றம், ஒரு கிணறு, சுற்றிலும் ஏழு போர்ஷன். ஒரு போர்ஷன் என்பது ஓர் அறையும், அதன் மூலையில் ஒரு சமையல் மேடையும். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் ஏழு வீட்டிலும் தும்முவார்கள்.

அந்த ஏழு வீட்டுக்கும் காவல் என் மாமியாரின் மூக்கு. "மூணாவது வூட்ல கருவாடு தீயுது," "கடைசி வூட்ல பாலு அடிபிடிச்சிருச்சு" என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லுவார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும்.

1998-ல் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணி. தண்ணீர் பிடிக்க எழுந்தவர் முற்றத்தில் நின்றுவிட்டார். குழாயடிக்குப் போகவில்லை. குனிந்து, ஜலதாரை அருகே முகத்தை வைத்து மோந்தார். பிறகு எதிர்ப் போர்ஷன் கதவைத் தட்டோ தட்டு என்று தட்டினார். உள்ளே புருஷன், பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள். தூக்கக் கலக்கத்தில் அந்த மனிதர் லைட்டைப் போடப் போயிருக்கிறார். "டேய், சுவிட்ச்ச தொடாதே! அப்பிடியே கதவத் தொற!" என்று இவர் போட்ட சத்தத்தில் ஸ்டோரே எழுந்துவிட்டது. பெருச்சாளி ரப்பர் ட்யூபைக் கடித்திருந்தது. ரெகுலேட்டரை ராத்திரி மூடாமல் படுத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகளில் ஒன்று இப்போது திருவொற்றியூரில் பள்ளிக்கூட டீச்சர். பொங்கலுக்குப் பொங்கல் மாமியாருக்குப் புடைவை வருகிறது.

அன்று அவர் ஏன் ஜலதாரைக்குக் குனிந்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தத்தால் திரவமாகி உள்ளே அடங்கி இருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் காஸாக விரியும். அந்தக் காஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். ஆகையால் அது மேலே ஏறாது. தண்ணீர் மாதிரி தரையில் படரும், பள்ளத்தைத் தேடிப் போகும், கட்டிலுக்கு அடியில் தேங்கும், ஜலதாரையில் இறங்கும். நம் வீடுகளில் லக்ஷ்மி போகாமல் இருக்கட்டும் என்று நிலைப்படியை உயர்த்திக் கட்டுகிறோமே, கசிந்த காஸும் அந்தப் படியைத் தாண்ட முடியாமல் உள்ளேயே குளம் கட்டும். மேலே இருக்கிற ஜன்னலை மட்டும் திறந்து வைத்துவிட்டு, காற்றோட்டம் இருக்கிறது என்று நம்பிக் கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. வாசல் கதவு திறக்க வேண்டும்.

காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவில் இந்தக் காஸ் கலந்தால் போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பொறி எங்கே இருக்கிறது? தரையில் ஏற்றி வைத்த குத்துவிளக்கில் இருக்கிறது. சாமி மாடத்து ஊதுபத்தியில் இருக்கிறது. கொசுவர்த்திச் சுருளில் இருக்கிறது. தானாக ஓடி தானாக நிற்கிற பிரிட்ஜில் இருக்கிறது. ஸ்விட்சைப் போடுவதில் மட்டுமல்ல, அணைப்பதிலும் பொறி உண்டு. கசிவு தெரிந்தால் ஸ்விட்ச் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே விட்டுவிட்டு, விளக்கை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, குழந்தைகளோடு வெளியே வந்துவிட வேண்டியதுதான். வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யலாம், ராப்பகலாக எடுப்பார்கள். உள்ளே நின்றுகொண்டு செய்யக்கூடாது.

காஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. அந்த அழுகல் நாற்றம் நாமாகச் சேர்ப்பது. 1937 மார்ச் 18-ல் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்து நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்துக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் காஸ் தேங்கி வெடித்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். வாசனை இருந்திருந்தால் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்களே! அதன் பிறகுதான் அங்கே நாற்றம் கலப்பதைச் சட்டமாக்கினார்கள். இன்று நம் சிலிண்டரில் மெர்காப்டன் என்ற திரவம் துளித்துளியாகக் கலந்திருக்கிறது. பற்றிக்கொள்ளும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது கணக்கு. அதாவது, மூக்கு உள்ளவர்களுக்கு.

2020 மே மாதம். கொரோனாக் கணக்கில் சென்னையிலேயே ராயபுரம் மண்டலம் முன்னால் நின்ற சமயம். எங்கள் ஸ்டோரில் நாலு பேருக்கு வந்தது, மாமியாருக்கும் வந்தது. பிழைத்து எழுந்தார். எழுந்த பத்தாம் நாள், நான் கருவாடு வறுத்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், "இன்னிக்கி இன்னா கொழம்பு?" என்று கேட்டார்.

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

காசிமேட்டுக் கருவாடு வாணலியில் வெடித்துக்கொண்டிருக்கிறது. தெருமுனை வரைக்கும் தெரியும். இவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவும், வாணலிக்கு மேலேயே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வெங்காயத்தை வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

நானும் என் புருஷரும் காலையில் வேலைக்குப் போனால் திரும்பச் சாயங்காலம் ஆகும். பகல் முழுவதும் அடுப்போடு இருப்பவர் இவர் ஒருவர்தான். பால் பொங்கி அடுப்பு அணைந்தால்? தீ அணையும், காஸ் அணையாது, வந்துகொண்டே இருக்கும். வீடுகளில் நடக்கிற கசிவுகளில் இது ரொம்ப சாதாரணமானது. என் புருஷர், "அம்மா இனிமே அடுப்பத் தொட வேணாம்; பிளாஸ்க்கில காப்பி போட்டு வெச்சிட்டுப் போறோம்," என்றார். மாமியார் இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை, அவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எம்மா, கண்ணு போனவனுக்குத் தடி குடுக்குறாங்க. மூக்கு போனவளுக்கு இன்னா குடுப்பீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாங்கள் அடுப்பைப் படித்தோம் என்று சொல்ல வேண்டும்.

முதல் பதில், சோப்புத் தண்ணீர். ஒரு கிண்ணத்தில் துணி சோப்பைக் கரைத்து, ஒரு சின்ன பிரஷ்ஷால் ரெகுலேட்டர் சேரும் இடம், ட்யூபின் இரண்டு முனை, அடுப்பின் குமிழ்கள் எல்லாவற்றிலும் தடவ வேண்டும். அப்போது ரெகுலேட்டர் திறந்திருக்க வேண்டும். அடுப்புக் குமிழ்கள் மூடி இருக்க வேண்டும். கசிவு இருந்தால் குமிழி கிளம்பும். மூக்கைவிட நாணயமான சாட்சி. சிலர் நெருப்புக் குச்சியைக் கிழித்துப் பிடித்துப் பார்க்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

புதுச் சிலிண்டர் வந்தால் வாசலிலேயே சோதனை ஆரம்பிக்கிறது. நைலான் கயிற்றைப் பிடித்து மூடியைக் கழற்றி, வாயில் சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு. உள்ளே கறுப்பாக ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்வை. அது இல்லாமலோ தேய்ந்தோ இருந்தால் ரெகுலேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தும் புண்ணியமில்லை. பிறகு எடை: சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையில் வெறும் சிலிண்டரின் எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர வேண்டும். அதே பட்டைகளில் ஒன்றின் உட்பக்கம் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். சி-27 என்றிருந்தால் 2027 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். தேதி கடந்தது வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். இங்கிலீஷ் தெரியாத என் மாமியார் இந்த நாலு எழுத்தையும் ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டார். மறுவாரம் சிலிண்டர் போட வந்த தம்பி, "ஆயா, நீங்க கம்பெனில வேல பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ட்யூப் விஷயத்தில் பச்சை ரப்பரோடு எங்களுக்குப் பழைய பகை. இப்போது வருகிற ஆரஞ்சு நிற ட்யூபுக்குள் மெல்லிய எஃகுக் கம்பி வலை இருக்கிறது. பெருச்சாளிக்கு அது சுலபத்தில் மசியாது. அதற்கும் ஆயுள் 5 வருஷம்தான், மேலேயே அச்சடித்திருக்கிறது. வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் 5 வருஷம் காத்திருக்கவும் கூடாது. பர்னருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போகக்கூடாது. அழகுக்காகத் துணி உறை தைத்துப் போடக்கூடாது. உறைக்குள் இருப்பதை யார் பார்ப்பது?

சுடரைப் பற்றி இரண்டு வார்த்தை. நீலமாக, உறுதியாக எரிய வேண்டும். மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், காஸோடு காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். பர்னரின் துவாரங்களில் பொங்கிய பாலும் பருப்பும் அடைத்திருக்கலாம். அடியிலுள்ள குழாயில் கரப்பான் குடித்தனம் நடத்தலாம். பர்னரைக் கழற்றிப் புளித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்து, நன்றாகக் காய வைத்து மாட்டினால் போதும். ஆனால் குமிழுக்கு அருகே காஸ் வருகிற ஊசித்துளை இருக்கிறதே, அதில் மாத்திரம் ஊசி, கம்பி எதையும் விடக் கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் சுடரின் கணக்கே மாறிப் போகும். அது மெக்கானிக் வேலை. மஞ்சள் சுடரில் இன்னொரு ஆபத்தும் உண்டு: கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு வாசனையும் கிடையாது, யாரும் கலப்பதும் கிடையாது. டொராண்டோக்காரர்கள் வருஷா வருஷம் பயப்படுவது இதற்காகத்தான். கதவைச் சாத்திய குளியலறைக்குள் காஸ் கெய்சர் வைத்திருப்பவர்கள் நம் ஊரிலேயே பயப்படலாம்.

பால் பிரச்னைக்கு விசில் அடிக்கும் பால் குக்கர் வாங்கிக் கொடுத்தோம். மூக்கு செய்த வேலையைக் காது செய்யட்டும் என்று. அதில் மாமியாருக்கு அவ்வளவு திருப்தியில்லை. பால் ஆடை கட்டுவதில்லையாம்.

பரிசோதனைக்கென்று காஸ் ஏஜென்சியிலிருந்தும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை ஆள் வருகிறார். வர வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஸ்டோருக்கு ஒரு முறை வந்தவர், செருப்பைக் கூடக் கழற்றாமல் நிலைப்படிக்கு வெளியே நின்று, "எல்லாம் சரியாக இருக்குதா?" என்று எங்களையே கேட்டு, புஸ்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பணத்தை எண்ணினார். ஆறு போர்ஷனில் அப்படியே நடந்தது. ஏழாவது எங்களுடையது. மாமியார் சோப்புக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்து, "தடவிக் காட்டு நைனா, கையெழுத்து அப்பால," என்றார். மனிதர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து பார்த்தார். நியாயமாக நன்றாகவே பார்த்தார். அன்று மற்ற ஆறு வீட்டுக்கும் திரும்பப் போனார். கடைசிப் போர்ஷன் ரெகுலேட்டரில் குமிழி வந்தது. அங்கே தனியாக ஒரு கிழவர் இருக்கிறார். காஸ் தீரும் சமயத்தில் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கவைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் சமைக்கிறவர். சாய்த்தால் திரவமே ட்யூபுக்குள் வந்துவிடும் என்று சொன்னால், "நாப்பது வருஷமா சாய்க்கிறேன்," என்பார். இப்போது சாய்ப்பதில்லை. பயத்தால் அல்ல, மாமியார் சத்தம் போடுவதால்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தண்ணீர் ஏறியபோது நாங்கள் இன்னொன்றையும் கண்ணால் பார்த்தோம். நிறைந்த சிலிண்டர்கூட வெள்ளத்தில் மிதக்கும். முப்பது கிலோ இரும்பும் காஸுமாக இருந்தாலும் அது தள்ளுகிற தண்ணீரின் எடை அதைவிட அதிகம். மிதந்து சாய்ந்தால் ட்யூபை இழுக்கும். தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தவுடன் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டுவிட வேண்டும். காலிச் சிலிண்டருக்கும் மூடி உண்டு; காலி என்பது நாம் சொல்வதுதான், உள்ளே மிச்சம் இருக்கும். நனைந்த ரெகுலேட்டரைத் துடைத்துவிட்டு மாட்டுவதும் சரியல்ல, மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் ஸ்டோரில் அந்த வாரம் ஐந்து ரெகுலேட்டர் மாறியது.

மாமியாரின் மூக்கு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. காப்பி தெரிகிறது, மல்லிகை தெரிகிறது. காஸ் இன்னும் தெரியவில்லை. அடைப்பு திறக்கிற வரிசை அதன் இஷ்டம் போலிருக்கிறது.

போன வருஷம் நாத்தனார் பிள்ளை வந்திருந்தபோது, கசிந்தால் கூவுகிற அலாரம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனான். அதை மாட்ட எலெக்ட்ரீஷியன் பையன் வந்தான். நான் ஆபீஸில். அவன் கதவுக்கு மேலே, காலிங் பெல் பக்கத்தில் இரண்டு துளை போட்டு, திருகும் முடுக்கிவிட்டான். மாமியார் திண்ணையிலிருந்து எழுந்து வந்து அண்ணாந்து பார்த்தாராம்.

"இன்னா நைனா, கேஸு பல்லியா, செவுத்துல ஏற்றதுக்கு? எறக்கு கீழ."

"எல்லா வூட்லயும் மேலதான் ஆயா மாட்டுவோம்."

"குழாய்ல வர்ற கேஸு வேற. அது மேல போவும். இது சிலிண்டர் கேஸு. என் மூக்கு எங்க குனிஞ்சுதோ அங்க மாட்டு."

தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சிலிண்டருக்குப் பக்கத்துச் சுவரில் இப்போது அது இருக்கிறது. மேலே அவன் போட்ட இரண்டு துளைகளையும் மறைத்து, முருகன் காலண்டரை மாட்டியிருக்கிறார் மாமியார். வெள்ளிக்கிழமை தோறும் சோப்புக் கிண்ணத்தோடு ஏழு போர்ஷனுக்கும் போய் வருகிறார்; புதுச் சிலிண்டர் எந்த வீட்டுக்கு வந்தாலும் அவர் பார்த்த பிறகுதான் உள்ளே போகிறது. கடைசிப் போர்ஷன் கிழவர் மட்டும், பிரஷ் தன்னுடையது, தானேதான் தடவுவேன் என்கிறார். மாமியார் நின்று பார்க்கிறார்.